பல நாள் பைக் பயணம்: கிளம்புமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஒரு நாட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு பைக்கிலேயே போய்வர வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எந்த வண்டி, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், என்னென்ன எடுத்துப்போக வேண்டும். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் என் மனதில் ஒரு விஷயம் ஓடிக்கொண்டே இருக்கும்: டேங்கில் பெட்ரோல் தீர்வதற்கு முன்பே ஓட்டுபவரின் கவனம் தீர்ந்துவிடுகிறது. கீழே உள்ள யோசனைகளில் பாதிக்கு மேல் அந்தக் கவனத்தைச் சேமிப்பதற்கானவை.

இவ்வளவு தூரம் போக பெரிய பைக்தான் வேண்டுமா?

வேண்டாம். 1903-இல் ஜார்ஜ் வைமன் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி நியூயார்க் வரை அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தார். சைக்கிள் போன்ற சட்டத்தில் சின்ன எஞ்சின் பொருத்திய வண்டி அது. அதன் சக்தி ஒன்றேகால் குதிரைத்திறன்தான். ஒழுங்கான சாலை இல்லாத இடங்களில் ரயில் தண்டவாளக் கட்டைகள் மேலேயே தடதடவென்று ஓட்டிப் போனார். கடைசிக் கட்டத்தில் எஞ்சின் கைவிட்டுவிட, பெடலை மிதித்தே ஊர் போய்ச் சேர்ந்தார். மொத்தம் 50 நாள். இன்றைக்குத் தெருவில் ஓடும் சாதாரண 125 சிசி வண்டிக்கு அதைப்போலப் பல மடங்கு சக்தி இருக்கிறது.

சின்ன வண்டியில் போகிறவர்கள் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்: ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்தபடி நாள் முழுக்க ஓட்டக் கூடாது. அதிர்வு இல்லாமல், எஞ்சின் கத்தாமல் வண்டி போகிற ஒரு வேகம் எல்லா வண்டிக்கும் உண்டு. அந்த வேகத்தில் திட்டம் போடுங்கள்.

என்னைக் கேட்டால், ஏற்கெனவே நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டிதான் சிறந்தது. அதன் சத்தம் கொஞ்சம் மாறினாலும் உங்களுக்குத் தெரியும், கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்பது விரலுக்குத் தெரியும். புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்றால் சிசியைப் பார்க்கும் முன் மூன்றைப் பாருங்கள்: இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறதா, இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் சீட் தாங்குகிறதா, ஒரு முறை டேங்க் நிரப்பினால் எத்தனை கி.மீ. போகும். புது வண்டியின் முதல் சர்வீஸை முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?

நல்ல நெடுஞ்சாலையில் 350 முதல் 400 கி.மீ., மலைச் சாலையிலும் மோசமான சாலையிலும் 150 முதல் 200 கி.மீ. முதல் பயணத்துக்கு அதற்கு மேல் வேண்டாம். கிலோமீட்டரைவிட மணிக்கணக்கு நம்பகமானது. சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம் ஆறு மணியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் மீதியெல்லாம் தன்னால் சரியாக அமையும்.

24 மணி நேரத்தில் 1000 மைல், அதாவது 1609 கி.மீ. ஓட்டியவர்களுக்கு அயர்ன் பட் அசோசியேஷன் என்ற அமைப்பு சான்றிதழ் தருகிறது. அதைப் பார்த்துவிட்டு “அவர்களால் முடிகிறதே” என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒரே ஒரு நாளுக்கான முயற்சி. பல வருடம் ஓட்டிப் பழகியவர்கள், நன்கு தெரிந்த நெடுஞ்சாலையில், முன்கூட்டித் தயாராகிச் செய்வது. மறுநாளும் அதற்கு மறுநாளும் எழுந்து ஓட்ட வேண்டிய பயணத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

முதல் நாள் உற்சாகத்தில் 600 கி.மீ. கூட ஓட்டிவிடுவீர்கள். இரண்டாம் நாள் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். அந்தக் கடனை உடம்பு வசூலிப்பது மூன்றாம் நாள் மதியத்தில். அந்த மதியத்தை நான் ஒருமுறை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். நேரான சாலை, வெயில், பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடிக்கிறது. ஏன் இப்படி அடிக்கிறான் என்று எரிச்சலாக இருந்தது. ஓரம் கட்டினேன். லாரியைத் தாண்ட விட்டபோது டிரைவர் கையை நீட்டி என் வண்டியைக் காட்டினார். குனிந்து பார்த்தால் வலது இண்டிகேட்டர் மின்னிக்கொண்டிருக்கிறது. கடைசியாக நான் திரும்பிய இடம் எது என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு கடந்த ஊரின் பெயரும் நினைவில்லை. வண்டி ஓடியிருக்கிறது, கை கால் வேலை செய்திருக்கிறது, நான் மட்டும் அங்கே இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கே அன்றைய ஓட்டத்தை நிறுத்தினேன்.

இண்டிகேட்டரை அணைக்க மறப்பது, கியர் தவறி விழுவது, பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாகப் பிடிப்பது, திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவது, கடந்த பத்து கிலோமீட்டர் நினைவில் இல்லாமல் போவது. இவை எல்லாம் களைப்பின் அடையாளங்கள். இரண்டு சேர்ந்து வந்தால் அடுத்த ஊரிலேயே தங்கிவிடுங்கள். நான்கைந்து நாளுக்கு ஒரு நாள் வண்டியைத் தொடாமல் ஓய்வெடுப்பதையும் திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

ஓட்டும்போது தூக்கம் சொக்கினால் என்ன செய்வது?

நிறுத்தித் தூங்குவதுதான் ஒரே வழி. சத்தமாகப் பாடுவது, வைசரைத் திறந்து காற்று வாங்குவது, தொடையில் அடித்துக்கொள்வது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான் உதவும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. மூன்று நொடி கண் அசந்தால் 66 மீட்டர் தூரத்தை வண்டி தானாகவே கடந்திருக்கும்.

பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுங்கள். காபி வேலை செய்ய எப்படியும் 20 முதல் 30 நிமிடம் ஆகும். எழும்போது தூக்கமும் கொஞ்சம் தீர்ந்திருக்கும், காபியும் ஏறியிருக்கும். அதற்கு மேல் தூங்கினால் எழுந்ததும் தலை பாரமாக இருக்கும், உடனே வண்டியை எடுக்க முடியாது.

தூக்கம் வரும்வரை காத்திருக்காமல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்தால் இந்த நிலைமையே பெரும்பாலும் வராது. மதியம் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள்.

கிளம்பும் முன் வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

சர்வீஸை இரண்டு வாரம் முன்பே செய்துவிட்டு, பயணத்துக்கான அத்தனை சாமானையும் ஏற்றி 200, 300 கி.மீ. ஒரு சோதனை ஓட்டம் போய்வாருங்கள். சர்வீஸ் முடிந்த மறுநாளே கிளம்புவதுதான் பலரும் செய்வது. நானும் செய்திருக்கிறேன். 140 கி.மீ. தாண்டியதும் வலது பூட் ஏனோ ஃபுட்ரெஸ்டில் வழுக்கியது. இறங்கிப் பார்த்தால் பூட்டின் உள்பக்கம் முழுக்கக் கருப்பு எண்ணெய். ஆயில் மாற்றியவர் அடியில் உள்ள டிரெயின் போல்ட்டை முழுக்க இறுக்காமல் விட்டிருந்தார். எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, காற்றில் பறந்து பின்டயரின் ஓரம் வரை தெறித்திருந்தது. அடுத்த வளைவில் நான் வண்டியைச் சாய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அங்கே நின்று யோசித்தது இன்னும் மறக்கவில்லை. யார் கை வைத்த வண்டியானாலும் அதன் பிறகு ஒரு சோதனை ஓட்டம் அவசியம்.

டயரில் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 32-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தும் ரப்பர் கெட்டித்துப்போன பழைய டயர் மழையில் பிடிக்காது. பாதி வழியில் தேய்ந்துவிடும் என்று தோன்றும் டயரைக் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். காற்றழுத்தத்தைக் காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சாமான் ஏற்றினால் எவ்வளவு வைக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை குறையும். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் திடீரென்று கொழகொழவென்று உள்ளே போவதற்கு இதுவும் காரணம். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றுங்கள். பிரேக் பேட், ஏர் ஃபில்டர், பேட்டரி, ஹெட்லைட், ஸ்போக் சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு ஸ்போக்கும்: இவற்றை மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

செயினை எத்தனை நாளுக்கு ஒருமுறை கவனிக்க வேண்டும்?

500 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அன்று மாலையே. ஓட்டி நிறுத்தியதும் செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது துடைத்து எண்ணெய் விட்டால் உள்ளே நன்றாக இறங்கும். இரவு முழுக்க ஊறவும் நேரம் கிடைக்கும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினைத் துணியால் துடைக்கவே கூடாது. துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரத்துக்குள் போய்விடும். அப்படி விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

செயினில் தளர்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும். பல வண்டிகளுக்கு 25 முதல் 35 மி.மீ. இறுக்கமாக வைத்துவிடாதீர்கள். பாரம் ஏறி வண்டி அமுங்கும்போது செயின் இன்னும் இறுகி, கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து மாற்ற வேண்டிய நேரம்.

பஞ்சர் ஆனால்?

டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் கிட்டும் சின்னக் காற்றடிக்கும் பம்பும் போதும், கால் மணி நேர வேலை. டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால், ஓட்டையை அடைக்க அந்தக் கிட்டில் வரும் ரப்பர் திரியை நம்ப வேண்டாம். டியூப் டயர் என்றால் மாற்று டியூப்பும் டயர் லீவர்களும் வேண்டும். எந்த வகையாக இருந்தாலும் வீட்டிலேயே ஒருமுறை செய்து பழகுங்கள். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியின் பின்சக்கரத்தை எப்படித் தூக்கி நிறுத்துவது என்ற கேள்விக்கு விடை நடுக்காட்டில் தேடுவதாக இருக்கக் கூடாது.

எந்தெந்தக் கருவிகள், உதிரிப் பாகங்கள்?

ஒரு மாதம் முன்பு, பயணத்துக்கு எடுத்துப்போகும் கருவிப் பையை மட்டும் வைத்துக்கொண்டு வண்டியின் இரு சக்கரத்தையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். பையில் எந்த ஸ்பானர் குறைகிறது, எது வீணாகக் கிடக்கிறது என்பது அரை நாளில் தெரிந்துவிடும். உதிரியில் கிளட்ச் லீவர், பிரேக் லீவர், ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், செயின் லாக், கொஞ்சம் கம்பி, இன்சுலேஷன் டேப் இவ்வளவு போதும். கேபிளுக்கு ஒரு பழைய வித்தை உண்டு: புது கிளட்ச் கேபிளை இப்போது உள்ள கேபிளின் பக்கத்திலேயே ஓடவிட்டு, இரண்டு முனையையும் மூடிக் கட்டிவைத்துவிடுங்கள். பழையது அறுந்தால் டேங்கைக் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் மாற்றி மாட்டலாம்.

சாமானை எப்படி ஏற்றுவது?

கனமானவை கீழே, நடுவுக்குப் பக்கமாக. இலேசானவை மேலே, பின்னால். பின்கேரியரில் கனமாக ஏற்றினால் முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஹேண்டில்பார் ஆடும். ஹெட்லைட்டும் வானத்தைப் பார்க்கும். பின் ஷாக் அப்சார்பரை ஒன்றிரண்டு படி இறுக்கிக்கொள்ளுங்கள். ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்று கையேட்டில் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்ததும் பலருக்குத் திகைப்பாக இருக்கும், ஏனென்றால் இரண்டு பேர் ஏறினாலே ஏறத்தாழ முடிந்துவிடும்.

பயணம் பத்து நாளோ நாற்பது நாளோ, மூன்று நாள் துணி போதும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டாம். இழுத்து மாட்டும்போது நழுவினால் கொக்கி நேரே முகத்துக்கு வரும். பட்டையான நாடாக்கள் நல்லது. கட்டி முடித்ததும் தொங்கும் நுனிகளை மடித்துச் செருகுங்கள். பின்சக்கரத்திலோ செயினிலோ ஒரு நாடா சுற்றிக்கொண்டால் ஓடுகிற வண்டி அங்கேயே பூட்டிக்கொள்ளும். சைலன்சருக்குப் பக்கத்தில் பை தொடுகிறதா என்று வண்டியில் ஏறி உட்கார்ந்து, அமுங்கிய நிலையில் பாருங்கள். உரிமம், பணம், மருந்து மூன்றும் உங்கள் உடம்போடு இருக்கட்டும், பையில் வேண்டாம்.

வெயிலில் ஜாக்கெட், கையுறை எல்லாம் போட்டே ஆக வேண்டுமா?

ஆம். விழும்போது யாரும் யோசித்து விழுவதில்லை, கை தானாகத் தரையை நோக்கி நீளும். அதனால் கையுறை இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். ஹெல்மெட் உங்கள் தலைக்குப் பொருந்த வேண்டும். கன்னத்தை மெல்ல அழுத்த வேண்டும். பிடித்து ஆட்டினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். இ.சி.இ. 22.06 போன்ற தரமுத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

காற்றின் சூடு உடம்புச் சூட்டைத் தாண்டிவிட்டால் ஜாக்கெட்டைத் திறந்து ஓட்டுவது இன்னும் சுடத்தான் செய்யும். அடுப்பின் முன் விசிறி வைத்தது போல. அந்த நேரத்தில் உள்பனியனை நனைத்துப் போட்டு, மேலே ஜாக்கெட்டைப் பாதி மூடி ஓட்டினால் ஈரம் மெதுவாக ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். தாகம் எடுக்கும் முன்பே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். நீர் குறைந்தால் முதலில் குறைவது கவனம்.

குளிருக்கும் இதே கதைதான். காற்றின் வெப்பநிலை 10 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால், திறந்த தோலுக்கு அது 4 டிகிரி போலத் தெரியும். விரல் மரத்துப்போனால் பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. தடிமனான ஒரே உடுப்பைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது.

காதில் பஞ்சு மாதிரி வைக்கிறார்களே, அது எதற்கு?

நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 100 டெசிபலைத் தொடும். அந்த அளவுச் சத்தத்தைப் பாதுகாப்பில்லாமல் ஒரு நாளில் 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது தொழிற்சாலைகளுக்கான அமெரிக்கப் பரிந்துரை ஒன்று. நாம் கேட்பதோ ஆறு மணி நேரம். நுரை அடைப்பான் வைத்தால் ஹாரனும் எஞ்சினும் கேட்கும், இரைச்சல் மட்டும் அடங்கும். பயன்படுத்திய முதல் நாள் மாலையிலேயே வித்தியாசம் தெரியும். இறங்கும்போது தலை அவ்வளவு தெளிவாக இருக்கும்.

மழையில் ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம் நின்றுவிடுவது நல்லது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து வழவழவென்று இருக்கும் நேரம் அது. பிறகு மழை கழுவிவிடும். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு, உதிர்ந்த இலை இவற்றின் மேல் சாய்ந்தபடி போகாதீர்கள், பிரேக்கும் பிடிக்காதீர்கள். தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன பள்ளம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் முன்னால் போகும் வண்டியின் தடத்தில் போங்கள். மழைக்கோட்டை நனைவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். இடி மின்னல் என்றால் கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள், தனி மரத்தடி வேண்டாம்.

இரவில் ஓட்டினால் போக்குவரத்து குறைவாக இருக்குமே?

வேண்டாம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நிற்க, சுதாரிக்கும் நேரத்தையும் சேர்த்து 60, 70 மீட்டர் தேவை. லோ பீம் வெளிச்சம் தெளிவாகக் காட்டுவது பெரும்பாலும் அதைவிடக் குறைந்த தூரம். விளக்கில்லாத வண்டி, குறுக்கே வரும் மாடு, மான் எல்லாம் அந்த இருட்டில்தான். விடியும் முன் எழுந்து, வெளிச்சம் வந்ததும் கிளம்பி, பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

பக்கக் காற்று வண்டியைத் தள்ளும்போது பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

பயத்தில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்போம், அதனால் வண்டி இன்னும் ஆடும். முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டு கையைத் தளர்த்துங்கள். வேகத்தைக் குறைத்து, காற்று வரும் பக்கம் கொஞ்சம் சாய்ந்து போங்கள். பெரிய லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நிற்கும், தாண்டியதும் சட்டென்று அடிக்கும். அதை எதிர்பார்த்தே போனால் பாதி பயம் குறைந்துவிடும்.

மலைச் சாலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே போனால் சூடேறிப் பிடிக்காமல் போகும். வளைவில் கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கே போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போகும், சாலை திரும்பும் இடத்தைப் பாருங்கள்.

4000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். வண்டி மூச்சு வாங்கும், கார்புரேட்டர் வண்டி கூடுதலாகத் திணறும். மனிதருக்கும் அப்படியே. 2500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அது உயர நோயாக இருக்கலாம். மேலே ஏறாமல் நில்லுங்கள். குறையாவிட்டால் கீழே இறங்குங்கள். நடை தள்ளாடினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால் அதே நொடியில் இறங்க வேண்டும், இதில் பிடிவாதம் உயிருக்கே ஆபத்து.

தனியாகப் போவதா, கூட்டமாகவா?

நான் இரண்டும் செய்திருக்கிறேன். நான்கு, ஐந்து பேருக்கு மேல் போனால் சாலையைப் பார்ப்பதைவிட ஒருவரை ஒருவர் தேடுவதே வேலையாகிவிடும். கூட்டத்தில் மெதுவாக ஓட்டுபவரைத் தலைவருக்கு அடுத்த இடத்தில் விடுங்கள், அவர் வேகமே எல்லோருக்கும் வேகம். பின்னால் விட்டால் அவர் எட்டிப்பிடிக்க முயன்று தன் அளவை மீறுவார். வரிசையில் நேர் பின்னால் போகாமல் ஒருவர் இடம், அடுத்தவர் வலம் என்று மாற்றி மாற்றிப் போங்கள். நேர் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி இடைவெளி இருக்கட்டும். வழி பிரியும் இடத்தில், பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை நிற்க வேண்டும்.

பெண்கள் தனியே இவ்வளவு தூரம் போக முடியுமா?

1916-இல் அகஸ்டா, அடெலின் வான் பியூரன் என்ற சகோதரிகள் ‘இந்தியன்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளில் ஆளுக்கொன்றாக நியூயார்க்கில் கிளம்பி, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அமெரிக்காவின் மறு கடற்கரையைத் தொட்டார்கள். தகவல் கொண்டுசெல்லும் ராணுவ வேலைக்குப் பெண்களும் தகுதியானவர்கள் என்று காட்டவே போனார்கள். சாலை பெரும்பாலும் சேறு. அந்தக் கேள்விக்கு அவர்கள் அப்போதே பதில் சொல்லிவிட்டார்கள். நடைமுறையில், தங்குமிடத்தை முன்பே உறுதி செய்வது, வெளிச்சத்திலேயே போய்ச் சேர்வது, அடுத்து எங்கே போகிறோம் என்று புதியவர்களிடம் சொல்லாமல் இருப்பது. தனியே போகும் ஆணுக்கும் இதையேதான் சொல்வேன்.

பின்சீட்டில் ஒருவரை அழைத்துப்போனால்?

நாளின் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். அவருக்குப் பிடிக்க ஹேண்டில்பார் இல்லை, சாலையும் சரியாகத் தெரியாது, கால் மடங்கியே இருக்கும். உங்களுக்கு இருக்கும் அதே தரமான ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ அவருக்கும் வேண்டும். நிறுத்தச் சொல்ல தோளில் இரண்டு தட்டு என்பது போல ஒரு சைகையைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். தட்டினால் காரணம் கேட்காமல் நிறுத்துங்கள்.

வேறு நாட்டுக்குள் வண்டியோடு போக என்ன ஆவணம் வேண்டும்?

சர்வதேச ஓட்டுநர் அனுமதி. இது 1949, 1968 ஆகிய இரண்டு உடன்படிக்கைகளின்படி இரண்டு வகையாக இருக்கிறது. நீங்கள் போகும் நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். சில நாடுகள் கார்னே என்ற சுங்க ஆவணம் கேட்கும். வண்டியை அந்த நாட்டில் விற்காமல் திருப்பிக் கொண்டுவருவேன் என்பதற்கான உத்தரவாதம் அது. வாகன ஓட்டிகள் சங்கங்கள் பிணைத்தொகை வாங்கிக்கொண்டு தருகின்றன. நுழையும்போதும் வெளியேறும்போதும் முத்திரை விழுந்திருக்கிறதா என்று அந்த மேசையை விட்டு நகரும் முன் பாருங்கள். வெளியேறும் முத்திரை விடுபட்டால் வண்டி அங்கேயே இருப்பதாகக் கணக்கு, பிணைத்தொகை சிக்கிக்கொள்ளும். பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

விபத்து பெரும்பாலும் எப்படி நேர்கிறது? நேர்ந்தால் என்ன செய்வது?

1981-இல் வெளிவந்த ஹர்ட் அறிக்கைக்காக லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, மற்ற வண்டிக்காரர் மோட்டார் சைக்கிளுக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நேர்ந்தவை. பைக்கைப் பார்க்கவே இல்லை என்பதுதான் திரும்பத் திரும்பத் தெரியவந்த காரணம். எனவே சந்திப்பில் காத்திருக்கும் காரின் டிரைவர் உங்களைப் பார்ப்பதுபோல இருந்தாலும் நம்பாதீர்கள். காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள், அது உருளத் தொடங்கினால் உடனே தெரியும். வேகத்தைக் குறைத்து, விரலைப் பிரேக்கின் மேல் வைத்துக் கடந்து செல்லுங்கள்.

விழுந்துவிட்டால் முதலில் சாலையை விட்டு விலகுங்கள், பிறகு எஞ்சினை அணையுங்கள். அடிபட்டுக் கிடப்பவர் மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உதவிக்கு அழையுங்கள். கழுத்து அசையக் கூடாது. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றினாலும் உடனே வண்டியை எடுக்காதீர்கள். அந்தப் படபடப்பில் வலி தெரியாது. ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

சாய்ந்த வண்டியைத் தூக்க: வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டைப் போடுங்கள், முதல் கியரில் வையுங்கள். சீட்டில் முதுகைக் கொடுத்து, ஒரு கை ஹேண்டில்பாரிலும் ஒரு கை சட்டத்திலும் பிடித்து, காலால் தள்ளிப் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக நடங்கள். இடுப்பை வளைத்துத் தூக்கினால் மிச்சப் பயணம் முதுகுவலியோடுதான்.

வீட்டில் இருப்பவர்கள் பயப்படுகிறார்களே?

பயப்படத்தான் செய்வார்கள். அதை அலட்சியப்படுத்தாதீர்கள். “தினமும் இரவு எட்டு மணிக்குள் சேதி வரும், வராவிட்டால் மறுநாள் காலை பத்து வரை பொறுத்திருங்கள், அதற்குப் பிறகு இந்த எண்ணை அழையுங்கள்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிக்னல் கிடைக்காத பகுதியை முன்கூட்டியே தெரிவியுங்கள். ஓட்டும்போது வரும் அழைப்பை எடுக்க மாட்டேன் என்றும் சொல்லிவிடுங்கள். ரத்த வகை, ஒவ்வாமை, அவசர எண் மூன்றும் ஒரு சீட்டில் எழுதி உங்கள் ஜாக்கெட் பையில் இருக்கட்டும்.

பாதியில் திரும்பிவிட்டால்?

திரும்புங்கள். சாலை அடைந்துவிட்டது, காய்ச்சல், மனம் ஒட்டவில்லை, எதுவானாலும் சரி. நான் ஒருமுறை நான்காம் நாளே திரும்பினேன். அடுத்த வருடம் அதே வழியில் போனேன், சாலை அங்கேயேதான் இருந்தது.

திரும்பி வந்த பிறகு வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்?

கழுவுங்கள், கையாலேயே. கழுவும்போதுதான் காணாமல் போன போல்ட்டும், சட்டத்தில் விழுந்த கீறலும், டயரில் ஏறிய ஆணியும் கண்ணில் படும். ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் மாற்றுங்கள். விரல் நுனி சில நாள் மரத்தாற்போல் இருக்கும், பெரும்பாலும் தானாகச் சரியாகும். இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். பைகளைப் பிரித்து அடுக்கும்போது, ஒருமுறைகூடத் தொடாத பொருட்களைத் தனியே எடுத்து வைத்து, அந்தப் பட்டியலை அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கருவிப் பைக்குள் போட்டுவிடுங்கள். அடுத்த முறை அந்தப் பையைத்தான் முதலில் திறப்பீர்கள்.